தண்ணீர், நிழல் எல்லாம் சரி, காதுக்கு என்ன ஏற்பாடு?

போன வாரம் ஒருவர் என்னிடம் காதைக் காட்ட வந்தார். அதற்கு இரண்டு நாள் முன்பு திறந்தவெளியில் எல்லோரும் கூடி மேளம் அடித்து ஆடியிருக்கிறார்கள், இவர் மூன்று மணி நேரம் விடாமல் வாசித்திருக்கிறார். அன்று இரவு காதுக்குள் 'ங்ங்ங்' என்று தொடங்கிய இரைச்சல் இன்னும் ஓயவில்லையாம். பரிசோதித்தால் கேட்கும் திறனைக் காட்டும் வரைபடத்தில் 4000 ஹெர்ட்ஸ் பக்கம் ஒரு பள்ளம், அதாவது அந்தச் சுருதியில் மட்டும் கேட்கும் திறன் குறைந்திருக்கிறது. சத்தத்தால் அடிபட்ட காதுகளில் ஒரு ஆடியாலஜிஸ்டாக (கேட்கும் திறனைப் பரிசோதிப்பவராக) நான் சலிக்கச் சலிக்கப் பார்க்கும் பள்ளம்தான், ஆனால் இடது காதில் கூடுதல் ஆழம். "உங்களுக்கு இடது பக்கம் யார் நின்றார்கள்?" என்றேன். யோசித்துவிட்டு, "பெரிய மேளம்" என்றார்.

இப்படி மேளம் அடித்து ஆடக் கூடுவதற்குத் தயாராகும்போது தண்ணீர், நிழல், முதலுதவிப் பெட்டி எதையும் யாரும் மறப்பதில்லை. காதைப் பற்றிக் கேட்டால் மட்டும், "வெட்டவெளிதானே, சத்தம் காற்றோடு போய்விடும்" என்கிறார்கள். தள்ளி நின்று பார்ப்பவருக்கு அது ஓரளவு உண்மை. மேளத்தைக் கழுத்தில் மாட்டியிருப்பவருக்கு வெளியும் ஒன்றுதான், அறையும் ஒன்றுதான். சொல்லப்போனால் வெளியில் எதிரொலி கிடைக்காததால் பலரும் இன்னும் ஓங்கித்தான் அடிக்கிறார்கள்.

கணக்கு இதுதான். சத்தத்தை அளப்பது டெசிபலில். 85 டெசிபல் என்றால் 8 மணி நேரம் வரை தாங்கலாம், அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும், 100 டெசிபலுக்கு வரும்போது மிச்சம் இருப்பது வெறும் 15 நிமிடம். ஒரே அளவு சத்தமுள்ள இரண்டு மேளம் சேர்ந்தாலே 3 டெசிபல் ஏறிவிடும். நல்ல செய்தி, திறந்தவெளியில் ஒரு மேளத்திலிருந்து இருக்கும் தூரம் இரட்டிப்பானால் சுமார் 6 டெசிபல் குறையும். பத்துப் பேர் சூழ்ந்து நின்றால் இந்தக் கணக்கு அப்படியே ஒத்துவராதுதான், ஆனாலும் ஆடுபவர்கள் நாலு அடி தள்ளி ஆடுவதற்கு அர்த்தம் இருக்கிறது. ஆகவே இடம் பார்க்கும்போதே மேளக்காரர்களை நெருக்கி அடைக்காதீர்கள், பெரிய மேளத்துக்குப் பக்கத்தில் நிற்பவரை மாற்றிக்கொண்டே இருங்கள், நடுநடுவே மேளம் மொத்தமாக ஓய்கிற இடைவேளை வையுங்கள். ஆடுபவர்கள் மூச்சு வாங்கவும் அதுவே வசதி.

வந்தவருக்கு நுரை இயர்பிளக் (காதுக்குள் வைக்கும் அடைப்பான்) போடச் சொல்லிக்கொடுத்தேன். முதலில் சும்மா காதின் வாசலில் சொருகினார், பாதி வெளியே துருத்திக்கொண்டிருந்தது. அதை விரல்களால் மெல்லிய குச்சிபோல உருட்டி, மறுகையைத் தலைக்குப் பின்னால் கொண்டுவந்து காது மடலை மேலும் பின்னுமாக இழுத்து, உள்ளே விட்டு, அது விரியும்வரை அரை நிமிடம் விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும். மூன்றாவது முறை சரியாக உட்கார்ந்ததும் என் குரல் மங்கியது, கண்ணை விரித்தார். தாளம் மட்டும் கேட்குமாம், நெஞ்சில் அடிப்பது தெரியுமாம், போதும் என்றார். (வெறும் பஞ்சு வைத்துக்கொள்பவர்களே, அது காதுக்கு அலங்காரம் மட்டும்தான்.)

சிறு பிள்ளைகளுக்கு இயர்பிளக் வேண்டாம், அவர்கள் அளவுக்கு, காதை வெளியிலிருந்து மூடும் இயர்மஃப் வாங்குங்கள். தோளில் தூக்கிக்கொண்டு மேளத்தின் முன்னால் போய் நிற்காதீர்கள்.

முடிந்த பிறகு காது அடைத்தாற்போல இருந்தால் அன்றிரவு ஹெட்போன் வேண்டாம். இரைச்சல் மறுநாளும் நீடித்தால் டாக்டரிடம் காட்டுங்கள். ஒரு காது திடீரென்று கேட்காமல் போனால் ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாதீர்கள், அதற்கான மருந்து சீக்கிரம் தொடங்கினால்தான் பலன் தரும்.