பனியில் ஊன்றிய இடது கால்

2002 ஜனவரி 19, இரவு. அமெரிக்காவின் ஃபாக்ஸ்பரோ மைதானத்தில் பனி கொட்டிக்கொண்டிருக்கிறது. ஓக்லண்ட் ரெய்டர்ஸ் 13, நியூ இங்கிலாந்து பேட்ரியாட்ஸ் 10, ஆட்டம் முடிய அரை நிமிடம்கூட இல்லை. 45 யார்டு, அதாவது சுமார் 41 மீட்டர் தூரத்திலிருந்து பேட்ரியாட்ஸின் ஆடம் வினாட்டியேரி உதைத்த பந்து தாழ்வாகப் பறந்து கம்பங்களுக்கு நடுவே போனது. அப்படிப் போனால் மூன்று புள்ளி, ஆட்டம் சமன். கூடுதல் நேரத்தில் ஜெயித்துக் கொடுத்ததும் அவருடைய உதைதான். அமெரிக்கக் கால்பந்தில் இதைவிடக் கடினமான உதையை நான் பார்த்ததில்லை.

இத்தனைக்கும் இவர் யாரும் தேர்ந்தெடுக்காத ஆள். அங்கே ஆண்டுதோறும் ‘டிராஃப்ட்’ நடக்கும், கல்லூரி வீரர்களை அணிகள் ஏழு சுற்றுகளில் மாறி மாறி எடுத்துக்கொள்ளும். 1996-இல் அப்படி 250-க்கும் மேற்பட்டோர் எடுக்கப்பட்டார்கள், தெற்கு டகோட்டா மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஆடிய இவர் பெயர் அதில் இல்லை. ஓர் அணிக்கு இப்படி உதைப்பவர் ஒருவர் போதும், அதனால் அவருக்காக ஒரு வாய்ப்பைச் செலவழிக்கத் தயங்குவார்கள். அதோடு, தேர்வுக்கு முன் அளக்கும் 40 யார்டு ஓட்டம், எடை தூக்குவது, குதிப்பது எதிலும் இவர்களுடைய திறமை தெரியாது, ஏனென்றால் ஒரே அசைவை எந்தச் சூழலிலும் பிசகாமல் திரும்பச் செய்வதுதான் அந்தத் திறமை. வினாட்டியேரி வர்ஜீனியாவுக்குப் போய் டக் பிளெவின்ஸ் என்ற பயிற்சியாளரிடம் கற்றார். பெருமூளை வாதத்தோடு பிறந்த பிளெவின்ஸ் ஓடிவந்து பந்தை உதைத்தவரே இல்லை, ஆனால் உதையின் நுணுக்கம் முழுவதும் அவருக்கு அத்துப்படி. அப்புறம் ஐரோப்பாவில் அமெரிக்கக் கால்பந்து ஆடிய ஆம்ஸ்டர்டாம் அட்மிரல்ஸ் அணி, அங்கிருந்து பேட்ரியாட்ஸ்.

சரி, உதைக்கு வருவோம். பந்தை அடிப்பது வலது கால் என்றாலும் வேலையின் பாதி இடது காலுடையது. ஓடிவரும் உடலை, பந்துக்குப் பக்கத்தில் ஊன்றும் இடது கால் சட்டென்று நிறுத்துகிறது. இடுப்பு நின்றதும் அதன் வேகம் தொடைக்கும், தொடை மெதுவாகும்போது முழங்காலுக்குக் கீழேயும் பாய்கிறது. சாட்டையின் பிடியை நிறுத்தினால் நுனி சீறுவது மாதிரிதான். ஊன்றிய கால் வழுக்கினால் உடல் நிற்காது, சாட்டையும் சொடுக்காது. பனியில் உராய்வு மிகக் குறைவு என்பதால் தரை தாங்கக்கூடிய பக்கவாட்டு விசையும் குறைவு, அதற்கு மேல் அழுத்தினால் கால் சறுக்கிவிடும். ஆகவே ஓடிவருவதைச் சுருக்கி, சிறு அடிகளாக வைத்து, உடல் எடையைக் காலுக்கு நேர் மேலேயே வைத்திருக்க வேண்டும். அப்படி உதைத்தால் வேகம் குறையும், பந்தும் உயரப் போகாது. அன்று அது தாழ்வாகப் போனதற்குக் காரணம் இதுதான்.

குளிர் வேறு. பந்துக்குள் காற்றழுத்தம் சுமார் 13 பிஎஸ்ஐ, அதாவது சதுர அங்குலத்துக்கு 13 பவுண்டு இருக்க வேண்டும். 21 டிகிரி செல்சியஸ் அறையில் அப்படி நிரப்பிய பந்து மைனஸ் 4 டிகிரிக்கு வந்தால், வாயு விதிப்படி கணக்குப் போட்டால் 2 பிஎஸ்ஐக்கு மேல் இழக்கும். வெளிக்காற்றும் 9 சதவீதம் அளவுக்கு அடர்த்தியாகிப் பந்தைக் கூடுதலாக இழுக்கும்.

இனி குறி. கம்பங்களுக்கு இடையே 5.64 மீட்டர். 41 மீட்டர் தள்ளி நின்றால், நடுக்கோட்டிலிருந்து இருபுறமும் 4 டிகிரிக்குக் கொஞ்சம் குறைவாகத்தான் பிசகலாம். கூடவே 3.05 மீட்டர் உயரக் குறுக்குக் கம்பத்தையும் தாண்ட வேண்டும். பந்தைப் பின்னால் எறிவது, ஒருவர் பிடித்து நிறுத்துவது, இவர் உதைப்பது, எல்லாம் சேர்த்து ஒன்றரை வினாடிக்குள்!

பதினைந்து நாள் கழித்து, நியூ ஆர்லியன்ஸின் கூரை மூடிய மைதானத்தில் சூப்பர் பவுல் இறுதி ஆட்டம். 17-17 என்ற நிலையில் கடைசி நொடியில் 48 யார்டு உதை. இந்த முறை தரை காய்ந்திருந்தது, இடது கால் நன்றாகப் பிடித்துக்கொண்டது, பந்து உயரப் போய்க் கம்பங்களுக்கு நடுவே விழுந்தது. பிறகு 2019 வரை, மொத்தம் 24 பருவங்கள் ஆடி 2,673 புள்ளிகள் எடுத்தார். அமெரிக்கக் கால்பந்தின் முதன்மை லீக்கான என்எஃப்எல் வரலாற்றில் வேறு யாரும் அவ்வளவு எடுத்ததில்லை.