சாம்பலுக்கு ஒரு வேலை, தேசிக்காய்க்கு ஒரு வேலை

நுவரெலியாவில் விடியற்காலையில் தேங்காய் எண்ணெய்ப் போத்தலைக் கவிழ்த்தால் ஒரு சொட்டும் விழாது. வெள்ளையாக உறைந்துபோய் நிற்கும். அடுப்புப் பக்கம் கொஞ்ச நேரம் வைத்தால்தான் இளகும். தேங்காய் எண்ணெய் உருகுவது ஏறத்தாழ 24, 25 பாகை செல்சியஸில். கடல் மட்டத்திலிருந்து 1868 மீற்றர் உயரத்தில் இருக்கும் நுவரெலியாவின் ஆண்டுச் சராசரி வெப்பநிலையோ 16 பாகை அளவுதான். கொழும்பில் எந்நேரமும் ஓடுகிற எண்ணெய் இங்கே கட்டிப் பொருள்.

போத்தலில் நடப்பது சாப்பிட்ட கோப்பையிலும் நடக்கிறது. பருப்புக்குத் தாளித்த எண்ணெயும் சம்பலில் இருந்த தேங்காய்க் கொழுப்பும் பீலித் தண்ணீர் பட்டதும் மெழுகாகிக் கோப்பையோடு ஒட்டிக்கொள்ளும். அதற்குமேல் எவ்வளவு சவர்க்காரம் தேய்த்தாலும் விரலில் வழுவழுப்பு மிஞ்சும். சவர்க்கார மூலக்கூறின் ஒரு முனை எண்ணெயைப் பிடிக்கும், மறுமுனை தண்ணீரைப் பிடிக்கும். அப்படித்தான் அது எண்ணெயைச் சிறு சிறு துளிகளாக்கித் தண்ணீரோடு அனுப்பிவிடுகிறது. ஆனால் துளியாக உடைய வேண்டுமென்றால் எண்ணெய் முதலில் திரவமாக இருக்க வேண்டும். உறைந்த கொழுப்பில் சவர்க்காரம் மேலாக வழுக்கிக்கொண்டு போகுமே தவிர உள்ளே இறங்காது.

ஆகவே மலையகத்து அடுப்படியில் முதல் துப்புரவுப் பொருள் வெந்நீர். கொதிக்க வைக்கக்கூடத் தேவையில்லை. (அந்த உயரத்தில் தண்ணீர் கொதிப்பதே சுமார் 94 பாகையில்தான்.) கை பொறுக்கும் சூடு போதும், கொழுப்பு உருகிவிடும், பிறகு சவர்க்காரத்தின் வேலை சுலபம். சோறு வடித்த கஞ்சித் தண்ணீரைச் சூட்டோடு எண்ணெய்ச் சட்டியில் ஊற்றி வைக்கும் வழக்கத்திலும் இதே கணக்குத்தான் இருக்கிறது.

வீட்டைச் சுத்தம் செய்ய இணையத்தில் வருகிற குறிப்புகளில் பல வினாகிரியையும் அப்பச்சோடாவையும் ஒன்றாகக் கொட்டச் சொல்கின்றன. கொட்டியதும் நுரைத்துப் பொங்கும், பார்க்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் அந்த நுரை வெறும் காபனீரொட்சைட்டு வாயு. வினாகிரியில் உள்ள அசற்றிக் அமிலமும் அப்பச்சோடா என்கிற சோடியம் இருகாபனேற்றும் ஒன்றையொன்று தீர்த்துக்கட்டிவிடுகின்றன. நுரை அடங்கிய பிறகு பாத்திரத்தில் மிஞ்சுவது சோடியம் அசற்றேற்று கரைந்த தண்ணீர். அதற்கு அழுக்கை எடுக்கும் சக்தி ஏறக்குறைய இல்லை. இரண்டு பொருளுக்கும் காசு கொடுத்து, இரண்டையும் வீணாக்கும் வேலை இது. தனித்தனியாகப் பிடித்தால் இரண்டும் நல்ல ஆயுதங்கள். எது எந்த அழுக்குக்கு என்பதைத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். எண்ணெய், புகைக்கரி, தேயிலைக் கறை, இவை அப்பச்சோடா போன்ற காரத்துக்குப் பணியும். களிம்பு, துரு, கல்லாகப் படியும் உப்பு, மூத்திர நெடி, இவை அமிலத்துக்குப் பணியும்.

காரம் என்றால் கடைக்கு ஓட வேண்டியதில்லை, அடுப்பிலேயே கிடக்கிறது. விறகுச் சாம்பலில் பெரும்பகுதி கல்சியம் காபனேற்று. அது தண்ணீரில் கரையாது, தேய்க்கும் தூளாக உதவும். கரையக்கூடிய சிறுபங்கு பொட்டாசியம் காபனேற்று. காரத்தன்மை அங்கேதான் இருக்கிறது. கரித்துண்டு, கல் எல்லாம் போகச் சலித்த சாம்பலை ஒரு வாளி வெந்நீரில் கலக்கி இரவு முழுக்க விட்டால், காலையில் மேலே தெளிந்து நிற்கும் தண்ணீரே சாம்பல் காரம். விரலில் தொட்டால் வழவழக்கும். அந்த வழவழப்புக்குக் காரணம், நம் தோலில் உள்ள எண்ணெயே கொஞ்சம் சவர்க்காரமாக மாறுவதுதான். கொழுப்பு என்பது கொழுப்பு அமிலங்களும் கிளிசரினும் சேர்ந்த சேர்க்கை என்றும், காரம் அதைப் பிரிப்பதால்தான் சவர்க்காரம் பிறக்கிறது என்றும் பிரான்சு நாட்டு வேதியியலாளர் மிஷேல் ஷெவ்ரல் 1823இல் விளக்கமாக எழுதிவைத்தார். அவருக்குப் பல நூற்றாண்டு முன்பிருந்தே சாம்பலால் சட்டி துலக்கியவர்களும் அதே வேலையைத்தான் செய்தார்கள். ஆனால் நீண்ட நேரம் இந்தத் தண்ணீரில் கை வைக்கக்கூடாது. தோலில் உள்ள எண்ணெயையும் அது விட்டுவைக்காது. ஏற்கெனவே கொழுந்து பறித்து வெடித்துப்போன விரல்களுக்கு எரிச்சல் தாங்காது.

சட்டியின் அடியில் பிடிக்கும் கரி கொஞ்சம் சிக்கலானது. கரி காபன், அது எதிலும் கரையாது. ஆனால் கரியைச் சட்டியோடு ஒட்டவைப்பது விறகுப் புகையில் வரும் தார் போன்ற பிசின். தேயிலைச் செடியில் கவ்வாத்து வெட்டிய மிலாறுக் குச்சி சரியாகக் காயாமல் அடுப்பில் போனால் இந்தப் பிசின் அதிகம் வரும். நனைந்த விறகு குறைந்த சூட்டில் புகைந்து எரிவதால் ஆவியாகும் பொருள்கள் முழுக்க எரியாமல், குளிர்ந்த இடத்தில் போய்ப் படிந்துவிடுகின்றன. சட்டி அடி, கூரைத் தகரம், அடுப்படிச் சுவர் என்று எல்லாம் அதற்குக் குளிர்ந்த இடந்தான். சாம்பல் காரம் இந்தப் பிசினை இளக்கும், தேங்காய்த் தும்பு கரியைச் சுரண்டி எடுக்கும். இதைவிடக் கெட்டிக்கார வழி, அடுப்பில் ஏற்றுமுன் சட்டியின் வெளிப்புறத்தில் சவர்க்காரத்தை ஈரத்தோடு பூசிவிடுவது. கரி அந்தப் பூச்சின்மேல்தான் படியும். பிறகு தண்ணீர் பட்டதும் பூச்சோடு கழன்று வந்துவிடும்.

அலுமினியச் சட்டிக்கு மட்டும் சாம்பலும் அப்பச்சோடாவும் ஆகாது. அலுமினியத்தின்மேல் கண்ணுக்குத் தெரியாத ஒட்சைட்டுப் படலம் ஒன்று உண்டு; உலோகத்தைக் காப்பது அதுதான். காரம் அந்தப் படலத்தைக் கரைத்துவிட்டு உள்ளே இருக்கும் உலோகத்தையும் தின்னத் தொடங்கும். துலக்கத் துலக்கச் சட்டி மெலிந்துபோகும், சில நேரம் கறுத்தும் போகும். கறுத்த சட்டியில் பிழிந்த தேசிக்காய்த் தோலைப் போட்டுத் தண்ணீர் ஊற்றிக் கொதிக்கவிட்டால் சித்திரிக் அமிலம் அந்தக் கறுப்பை எடுத்துவிடும். எவர்சில்வருக்கும் மண்சட்டிக்கும் இந்தக் கவலை இல்லை. ஆனால் மண்சட்டியில் சவர்க்காரம் போடாதீர்கள், நுண்துளைகளில் இறங்கி அடுத்த நாள் குழம்பில் மணக்கும்.

இனித் தேத்தண்ணிக் கோப்பை. தேயிலை விளையும் ஊரில் எல்லா வீட்டிலும் இருக்கும் கறை இது. கொழுந்து வாடி நசுங்கிக் காற்றுப்படும்போது அதிலுள்ள பொலிபீனோல்கள் ஒட்சியேற்றப்பட்டு தியாஃபிளேவின், தியாரூபிஜின் என்ற நிறப்பொருள்களாகின்றன. கறுப்புத் தேயிலையின் சிவப்பும் கபிலமும் இவைதான். கோப்பையின் உள்விளிம்பில் வளையமாகக் காய்ந்து படிவதும் இவைதான். இவற்றின் குணத்தைக் கண்ணால் பார்க்க ஆய்வுகூடம் தேவையில்லை. இரண்டு கோப்பையில் வெறுந்தேத்தண்ணி ஊற்றுங்கள். ஒன்றில் தேசிக்காய் பிழிந்தால் நிறம் வெளிறி மஞ்சள் பக்கம் போகும். மற்றதில் ஒரு சிட்டிகை அப்பச்சோடா போட்டால் கறுஞ்சிவப்பாகும். அமிலத்தில் நிறம் மங்கினாலும் பொருள் அங்கேயேதான் இருக்கிறது. காரத்தில் மூலக்கூறுகள் மின்னேற்றம் பெற்றுத் தண்ணீரில் நன்றாகக் கரைகின்றன, நிறமும் கடுமையாகிறது. எனவே கோப்பைக் கறைக்கு வேண்டியது அப்பச்சோடா. ஈரக் கோப்பையில் தூவிக் குழைத்து விரலால் தேய்த்தால் கபிலச் சேறு கழன்று வருவதைப் பார்க்கலாம்.

கொழுந்து பறிப்பவர்களின் விரல் கறுப்பு இதற்கு உறவுதான், ஆனால் முழுக்க இதே கதை அல்ல. தேயிலையின் துவர்ப்புப் பொருளான தனின் இரும்பைச் சந்தித்தால் மைபோன்ற கறுப்பு உண்டாகும். பழைய காலத்து எழுதும் மையே இந்த வழியில்தான் செய்யப்பட்டது. இரும்புக் கத்தியிலும் துணியிலும் விழும் அந்தக் கறுப்புக்கு மட்டும் தேசிக்காய்தான் சரி. சித்திரிக் அமிலம் இரும்பைப் பிடித்து வெளியே இழுத்துவிடும்.

கேத்தலுக்கு வினாகிரி ஊற்றிக் கொதிக்கவிடும் குறிப்பு மலையகத்தில் பெரும்பாலும் தேவையற்றது. அது சுண்ணக்கல் நிலத்துக்காரர்களுக்கு. யாழ்ப்பாணத்துக் கிணற்றுநீர் சுண்ணக்கல்லுக்குள்ளிருந்து வருவதால் கல்சியம் நிறைந்தது. கேத்தலில் வெள்ளை ஓடு கட்டும், சவர்க்காரம் நுரைக்க மறுக்கும். மலையகத்தின் பெரும்பகுதி சுண்ணம் குறைந்த பழைய உருமாறிய பாறைகள், அவற்றின்மேல் ஓடிவரும் நீர் மென்னீர். மாத்தளைப் பக்கம் போலச் சுண்ணக்கல் கலந்த இடங்கள் விதிவிலக்கு. மென்னீரில் கொஞ்சம் சவர்க்காரமே போதும். கூடப் போட்டால் அலசி முடிக்கத்தான் தண்ணீர் போதாது.

அடுப்படியை விட்டு உள்காம்பராவுக்குப் போனால் எதிரி மாறுகிறது. அங்கே பூஞ்சணம். சுவர் மூலையில் கறுப்புப் புள்ளியாகத் தொடங்கி, பெட்டியில் அடுக்கிய துணிவரைக்கும் வரும். 10க்கு 12 அடிக் காம்பரா, முதுகோடு முதுகு ஒட்டிய இரட்டை லயமென்றால் (லயம் என்பது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடு) பின்பக்கம் ஜன்னலே கிடையாது, அதற்குள்ளேயே அடுப்பு, அதற்குள்ளேயே மழைக்காலத்தில் கொடியில் ஈரத்துணி. சோற்றுப்பானை ஆவி, துணியின் ஈரம், தூங்குகிறவர்களின் மூச்சு எல்லாம் சேர்ந்து குளிர்ந்த சுவரிலும் தகரத்தின் அடியிலும் நீராகப் படிகின்றன. ஒரு பரப்பை ஒட்டிய காற்றின் சாரீரப்பதன் (காற்று தாங்கக்கூடிய நீராவியில் எத்தனை வீதம் இருக்கிறது என்ற கணக்கு) 80 வீதத்துக்கு மேல் நாள்கணக்கில் நின்றால் பூஞ்சணத்துக்கு வேறு அழைப்பு வேண்டாம்.

பனி மூடியிருக்கும்போது ஜன்னலைத் திறந்தால் ஈரம் உள்ளே வரும் என்று அடைத்து வைப்பது வழக்கம். அடுப்பு எரிகிற நேரத்தில் இது தலைகீழான காரியம். 15 பாகைக் குளிரில் மூடுபனிக் காற்று முழுக்க நிறைந்திருந்தாலும் ஒரு கனமீற்றரில் சுமார் 13 கிராம் நீராவிதான் தாங்கும். அதே காற்று உள்ளே வந்து 22 பாகைக்குச் சூடேறினால் 19 கிராம்வரை தாங்கக்கூடியதாகிவிடும். அதாவது வெளியே நூற்றுக்கு நூறாக இருந்த சாரீரப்பதன் உள்ளே மூன்றில் இரண்டு பங்காகக் குறைகிறது, அந்தக் காற்றுக்கு இன்னும் ஈரத்தை உறிஞ்ச இடமிருக்கிறது. அதனால் சமைக்கும்போது ஜன்னலையோ கதவின் மேற்பாதியையோ திறந்துவிட வேண்டும். அடுப்பு அணைந்து வீடு குளிர்ந்தபின் இந்தக் கணக்கு பலிக்காது, அப்போது அடைத்துக்கொள்ளலாம்.

வந்துவிட்ட பூஞ்சணத்துக்கு வினாகிரியைத் தண்ணீர் கலக்காமல் பூசலாம். அசற்றிக் அமிலம் நலிந்த அமிலம் என்பதே இங்கே அதன் பலம். பிரியாத முழு மூலக்கூறாகப் பூஞ்சணத்தின் கலமென்சவ்வைக் கடந்து உள்ளே போய், அங்கே பிரிந்து கலத்தை அமிலமாக்குகிறது. எல்லா வகைப் பூஞ்சணமும் இதற்குச் சாவதில்லை. மரக்கதவு, பெட்டி, தைல வர்ணம் பூசிய பலகை இவற்றுக்கு ஏற்றது. சுண்ணாம்பு அடித்த சுவருக்கோ சீமெந்துத் தரைக்கோ கூடாது. அமிலம் கல்சியம் காபனேற்றைக் கரைத்துத் தன் பலத்தையும் இழக்கும், சுவரையும் பொருக்காக்கும்.

சுண்ணாம்புச் சுவருக்கு மருந்து சுண்ணாம்பேதான். தீபாவளிக்கு முன் லயத்துக்கு வெள்ளையடிப்பதை வெறும் அலங்காரமாக நினைக்கிறோம். நீற்றிய சுண்ணாம்பின் பி.எச். 12க்கு மேல், அதாவது கடுமையான காரம், அதில் பூஞ்சணம் வேரூன்றாது. ஆனால் அந்தக் காரம் நிலையானதல்ல. காற்றிலுள்ள காபனீரொட்சைட்டை உறிஞ்சி மெல்ல மெல்லச் சாதாரணச் சுண்ணக்கல்லாக மாறி, காரத்தன்மை இறங்கிவிடும். அதனால்தான் மறுபடி மறுபடி அடிக்க வேண்டியிருக்கிறது. கடையில் வாங்கும் இமல்ஷன் வர்ணம் பளபளப்பாக இருக்கும், ஆனால் அதிலுள்ள சேதனப் பசைகள் சில பூஞ்சணத்துக்குத் தீனி. ஈரச் சுவருக்கு என் வாக்கு சுண்ணாம்புக்குத்தான். அடிக்கும்போது கண்ணில் தெறிக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும், அது பெரிய ஆபத்து.

கம்பளி, மெத்தை, தலையணைக்கு வெயில். உயரம் 1000 மீற்றர் கூடும்போது புறவூதாக் கதிர் ஏறத்தாழ 10 வீதம் கூடுகிறது, ஆகவே மேகம் விலகிய ஒரு பகல் வீணாகக்கூடாது. இஸ்தோப்பில் சாணம் மெழுகினால் கிருமி சாகும் என்று சொல்வதில் எனக்கு நம்பிக்கையில்லை. தூசி அடங்கும், அவ்வளவே. காலில் புண் உள்ளவர்கள் ஒதுங்கியிருப்பது நல்லது, ஏர்ப்பு வலி (டெட்டனஸ்) கிருமியின் வித்துகள் சாணத்தில் இருக்கலாம்.

சாமி மூலையில் உள்ள பித்தளைக் குத்துவிளக்குக்குப் பழப்புளி. தாட்டாரிக் அமிலம் செம்பின் ஒட்சைட்டைக் கரைத்துவிடும். புளியைப் பூசி மறந்துவிட்டால் பித்தளையிலுள்ள நாகமும் (துத்தநாகம்) கரைந்து, அங்கங்கே செம்பு நிறத் திட்டு தெரியும். தேய்த்ததும் கழுவி, கடைசியில் சாம்பலால் ஒருமுறை துலக்கினால் மிச்ச அமிலம் அடங்கும். அமிலத்தையும் காரத்தையும் ஒன்றாகக் கலக்காமல் ஒன்றன்பின் ஒன்றாகப் பயன்படுத்துவது இப்படித்தான்.

கக்கூஸில் நெடி அமோனியாவால் வருவது. மூத்திரத்தின் யூரியாவைப் பற்றீரியா உடைப்பதால் அது பிறக்கிறது. வினாகிரியோ தேசிக்காயோ அமோனியாவை வாசமில்லாத உப்பாக்கிவிடும், மஞ்சளாகப் படிந்த காறையையும் கரைக்கும். ஆனால் அங்கே ஏற்கெனவே குளோரின் தூளோ பிளீச்சோ போட்டிருந்தால் அமிலம் எதுவும் கிட்டே போகக்கூடாது. வினாகிரி, தேசிக்காய், கடையில் விற்கும் கக்கூஸ் ஆசிட், எது பட்டாலும் குளோரின் வாயு கிளம்பும். பிளீச்சோடு மூத்திரம் சேர்ந்தாலும் குளோரமீன் என்ற வேறொரு நச்சு வாயு. ஜன்னல் இல்லாத நாலடி அறையில் இது விளையாட்டல்ல. ஒன்றைப் போட்டால் நன்றாகத் தண்ணீர் ஊற்றி அடித்துவிட்டு, மற்றதை இன்னொரு நாளைக்கு வைத்துக்கொள்ளுங்கள். கலந்துவிட்டு மூக்கு எரிந்தால் கழுவப் பார்க்காமல் கதவைத் திறந்துபோட்டு வெளியே வந்துவிட வேண்டும். இருமலோ மூச்சுத் திணறலோ நிற்காவிட்டால் ஆஸ்பத்திரிக்குப் போகத் தாமதிக்கக் கூடாது.