கவர்ச்சியும் அல்ல, ஈர்ப்பும் அல்ல: உலுக்கல்

சோவியத் இயக்குநர் ஐசன்ஸ்டைனின் ‘வேலைநிறுத்தம்’ (1925) படத்தைப் பற்றித் தமிழில் எழுதுகிறவர்கள் ‘கவர்ச்சிகளின் மாண்டேஜ்’ என்ற தொடரை விடமாட்டேன் என்கிறார்கள். படத்தின் முடிவில் காளையின் கழுத்தில் கத்தி இறங்குகிறது. அடுத்த ஷாட்டில் படையினருக்குத் தப்பி ஓடும் தொழிலாளர் கூட்டம். மறுபடி காளை, ரத்தம். இதில் எங்கே கவர்ச்சி? நம் சினிமாவில் அச்சொல்லுக்கு என்ன பொருள் என்பது போஸ்டர் ஒட்டுகிறவருக்குக்கூடத் தெரியும்.

அத்தொடரின் ரஷ்ய மூலம் ‘மான்டாஷ் அத்ரக்த்சியோனவ்’. 1923-ல் ‘லெஃப்’ இதழில் ஐசன்ஸ்டைன் எழுதிய கட்டுரையின் தலைப்பு. மான்டாஷ் பிரெஞ்சுச் சொல். ஷாட்களைத் தொகுப்பதோடு இயந்திர உறுப்புகளைப் பொருத்துவதையும் குறிக்கும். அத்ரக்த்சியோன், ரஷ்ய வழக்கில் சர்க்கஸ் உருப்படி, ராட்டினம். லத்தீன் வேருக்கு ‘இழு’ என்று பொருள்.

அந்த வேரைப் பிடித்துக்கொண்டுதான் சிலர் ‘ஈர்ப்பு’ என்கிறார்கள். வேருக்குப் பொருந்துகிறது, விஷயத்துக்குப் பொருந்தவில்லை. ஈர்ப்பு தன் பக்கம் இழுக்கும். ஐசன்ஸ்டைன் சொன்னதோ, பார்வையாளரின் புலனையும் மனத்தையும் கணக்குப் போட்டுத் தாக்கும் கூறு. அதே ஆண்டு ப்ரொலெட்கல்ட் என்ற தொழிலாளர் கலை அமைப்பு மேடையேற்றிய நாடகத்தில் பார்வையாளர் இருக்கைக்கு அடியில் பட்டாசு வெடிக்க வைத்த ஆள் அவர். ‘வித்தை’ என்பது சர்க்கஸைத் தொடுகிறது. ஆனால் வித்தை, செய்கிறவன் திறமையோடு முடிந்துவிடும். அத்ரக்த்சியோன் பார்ப்பவரிடம் நடப்பது. இரண்டும் வேறு என்று அக்கட்டுரையே பிரித்துச் சொல்கிறது. காளைக் காட்சி தொழிலாளர்களிடம் எதிர்பார்த்தபடி எடுபடவில்லை, மாடறுத்துப் பழகிய விவசாயியிடம் அது எடுபடவே படாது என்று பிறகு அவரே எழுதினார். ஆள் மாறினால் விளைவு மாறும் என்பதால், பார்ப்பவருக்கு நேர்வதைச் சொல்லும் சொல்தான் வேண்டும். ‘நெஞ்சை உலுக்கும் காட்சி’ என்று நாம் தினமும் சொல்கிறோமே, அந்த உலுக்கல் போதும். அகராதியின் முதல் பொருளைப் பெயர்த்துவைக்கும் மொழிபெயர்ப்பாளர்கள் ஏனோ வாயில் இருக்கும் சொல்லைத் தேடுவதில்லை.

மாண்டேஜை அப்படியே வைத்தால், இரண்டு நிமிடத்தில் காதல், கல்யாணம், குழந்தை என்று ஓடும் ‘மாண்டேஜ் பாட்டு’தான் நினைவுக்கு வரும். அதற்குப் பதில் ‘கோவை’ என்று போட்டால், அது மணி மணியாகக் கோப்பது. ஷாட்களை மோதவிட்டவருக்கு அது ஒவ்வாது. டைட்டில் கார்டிலேயே ‘படத்தொகுப்பு’ இருப்பதால் ‘உலுக்கல் தொகுப்பு’ என்றே எழுதலாம்: “குதிரைப் போலீஸ் தொழிலாளரை நெருக்கும்போது பங்குதாரர் எலுமிச்சை பிழிகிறார், இது உலுக்கல் தொகுப்பு.”