அக்கா எந்தத் தேள்?

ஜூன் மாதத்தில் இரவு எட்டு மணிபோல திருகோணமலை டைக் வீதிக் கடற்கரையில் நின்றால், மப்பு இல்லாத நாளில், தென்கிழக்கே விருச்சிகம் என்ற நட்சத்திரத் தேள் எழும்பி நிற்பது தெரியும். நடுவில் சிவப்பாக மினுங்குவது கேட்டை. வால் கடல் பக்கமாக வளைந்திருக்கும். அதைக் காட்டியதும் அக்கா, "அதுதான் நான்" என்றார்.

விருச்சிகக்காரர் எதையும் மனதுக்குள் வைத்திருப்பார்கள், சொல்லில் கொடுக்கு இருக்கும், பட்டதை மறக்கமாட்டார்கள் என்பார்கள். எல்லாமே தேளின் குணம். ஆனால் அந்தத் தேளே நாம் நிற்கும் இடத்திலிருந்து பார்ப்பதால் விழும் உருவம்தான். கேட்டை சுமார் 550 ஒளியாண்டு தொலைவில் இருக்கிறது. வாலில் உள்ள ஒரு நட்சத்திரம் 64 ஒளியாண்டில். இரண்டுக்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை.

அக்கா பிறந்தது நவம்பர் 5. வாரப் பத்திரிகையில் வரும் மேல்நாட்டுக் கணக்குப்படி விருச்சிகம். நம் பஞ்சாங்கத்தில் அது ஐப்பசி, சூரியன் துலாத்தில். பூமியின் அச்சு பம்பரம்போல ஆடி ஒரு சுற்றுச் சுற்ற ஏறக்குறைய 26,000 ஆண்டு ஆகும். 72 ஆண்டுக்கு ஒரு பாகை. மேல்நாட்டார் பகலும் இரவும் சமமாகும் நாளில் சூரியன் நிற்கும் புள்ளியிலிருந்து எண்ணுகிறார்கள், நாம் நட்சத்திரத்திலிருந்து. அச்சு ஆட ஆட அந்தப் புள்ளி நட்சத்திரங்களை விட்டு நகரும். இன்று இடைவெளி சுமார் 24 பாகை. போதாததற்கு, நாம் ராசி என்று சொல்வது சந்திரன் நின்ற இடத்தை. சாதகத்தில் அக்கா கடகம்! அமைதி, வீட்டுப் பாசம். அதுவும் சரியாம்.

எப்படி எல்லாமே பொருந்துகிறது? 1948இல் அமெரிக்க உளவியலாளர் பெர்ட்ரம் ஃபோரர் 39 மாணவர்களுக்கு ஆளுமைத் தேர்வு வைத்து, ஆளுக்கொரு முடிவு கொடுத்தார். ஐந்துக்கு எத்தனை பொருத்தம் என்று கேட்டார். சராசரி 4.26. எல்லாருக்கும் கொடுத்தது ஒரே தாள்தான், பெரும்பகுதி சோதிடப் புத்தகத்தில் எடுத்தது.

"நம்பினால் உயிரையும் கொடுப்பார், ஏமாற்றினால் மறக்கமாட்டார்." இதற்கு யார் இல்லை என்பார்கள்? மிச்ச வேலையை ஞாபகம் பார்த்துக்கொள்ளும். கலியாணவீட்டுக்கு ஒழுங்காகச் சொல்லவில்லை என்று அக்கா மாமி வீட்டாரோடு இரண்டு வருடம் கதைக்காமல் இருந்தது உடனே நினைவுக்கு வரும். மன்னித்து விட்ட பத்துச் சண்டை வராது. தன் ராசி தெரிந்தவர்கள் அதற்கேற்றபடி தங்களைப் பற்றிச் சொல்லத் தொடங்குவதும் உண்டு.

1985இல் 'நேச்சர்' இதழில் ஷான் கார்ல்சனின் சோதனை வெளியானது. ஒரு சாதகம், மூன்று ஆளுமை அறிக்கை, எது உரியவருடையது? சோதிடர்கள் மூன்றில் ஒன்றுதான் சரியாகச் சொன்னார்கள். கண்ணை மூடிக்கொண்டு எடுத்தாலும் அவ்வளவு வரும்.

அடுத்த வாரம் அக்காவுக்கு விருச்சிகம் என்று சொல்லிக் கும்பத்தின் பலனை வாசித்தேன். தேத்தண்ணியை ஆற்றிக்கொண்டே வரிக்கு வரி தலையாட்டினார். உண்மையைச் சொன்னேன்.

"எனக்கு முதலே தெரியும் தம்பி. விருச்சிகக்காரரை ஏமாத்தேலாது."