12 அங்குலப் பொம்மையின் கை ஏன் தொங்குகிறது?

பினாங்கு மாநிலத்தின் பிறையில் மேட்டல் நிறுவனத்தின் தொழிற்சாலை இருக்கிறது. ஹாட் வீல்ஸ் கார்களைத் திருப்பினால் பலவற்றின் அடியில் மலேசியா என்று அச்சாகியிருக்குமே, அவை அங்கே தயாரானவை. அந்தக் கார்கள் 1:64 அளவு, அதாவது நிஜக் காரில் 64-இல் ஒரு பங்கு என்பார்கள். ஆனால் ஒரு லாரியையும் ஒரு குட்டிக் காரையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், நீளம் ஏறக்குறைய ஒன்றுதான். இரண்டும் ஒரே அளவு அட்டையில் அடங்க வேண்டும், ஒரே விலைக்குப் போக வேண்டும். சேகரிப்பாளர்கள் இதைப் 'பெட்டி அளவு' என்கிறார்கள். மலிவு விலை ஆக்‌ஷன் ஃபிகர்களிலும், அதாவது கை கால் அசையும் நாயகப் பொம்மைகளிலும், இதே கணக்குதான் ஓடுகிறது.

1:12 என்றால் நிஜத்தில் 12 சென்டிமீட்டர் இருப்பது பொம்மையில் 1 சென்டிமீட்டர். 180 செ.மீ. உயர ஆள் 15 செ.மீ. ஆகிவிடுவார். கடையில் '6 அங்குலம்' என்று விற்பது இந்த வகை. அதே ஆள் 1:18-இல் 10 செ.மீ., 1:10-இல் 18, 1:6-இல் 30. பத்துமலை முருகன் சிலை 42.7 மீட்டர். அதை 1:12-இல் செய்தாலும் மூன்றரை மீட்டருக்கு மேல் வரும், வீட்டுக் கூரையைப் பிரிக்க வேண்டியதுதான். ஆக, விகிதம் சரியாக இருந்தால் உயரம் ஆளுக்கு ஆள் மாற வேண்டும். மலிவு வரிசைகளில் மாறாது. எஃகில் வெட்டும் வார்ப்பு அச்சுதான் பெரிய செலவு என்பதால், ஒரே உடலை வைத்துக்கொண்டு தலையையும் நிறத்தையும் மட்டும் மாற்றி நாலைந்து பாத்திரங்களை இறக்கிவிடுகிறார்கள்.

பெட்டியில் அங்குலம் மட்டும் போட்டிருந்தால் தலையை அளந்து பாருங்கள். வயது வந்தவர் நெட்டையோ குட்டையோ, தாடையிலிருந்து உச்சி வரை சுமார் 22, 23 செ.மீ.தான். 1:12-இல் அது 19 மில்லிமீட்டர், 1:10-இல் 23. வெறும் 4 மி.மீ. வித்தியாசம். ஆனால் ஒரே அலமாரியில் 6 அங்குலத்தையும் 7 அங்குலத்தையும் சேர்த்து நிறுத்தினால் கண்ணை உறுத்துவது அதுதான். சூப்பர் ஹீரோக்களுக்கு வேண்டுமென்றே தலையைச் சிறிதாக்கித் தோளை அகலமாக்குவார்கள், அங்கே கொஞ்சம் விட்டுக்கொடுத்துக் கணக்குப் போட வேண்டும்.

சரி, தரத்துக்கு வருவோம். பசார் மாலாம் எனும் இரவுச் சந்தையில் பெரிய பெட்டியைப் பார்த்ததும் பிள்ளைகள் மட்டுமல்ல, பெரியவர்களும் ஏமாறுகிறார்கள். அதே காசுக்கு இரண்டு மடங்கு உயரம், 6-க்குப் பதில் 12 அங்குலம் என்றால் லாபம்தானே? இல்லை. உயரம் 2 மடங்கானால் அகலமும் தடிமனும் சேர்ந்து கூடுவதால் எடை 8 மடங்காகிறது. கையை நேராக நீட்டி நிறுத்தும்போது தோள் மூட்டில் விழும் முறுக்குவிசை, எடையையும் கையின் நீளத்தையும் பெருக்கி வருவது. எடை 8, நீளம் 2, ஆக 16 மடங்கு. மூட்டைப் பிடித்து வைத்திருப்பது உராய்வு. தொடும் பரப்பு 4 மடங்கும் மூட்டின் ஆரம் 2 மடங்கும் கூட, பிடிமானம் 8 மடங்குதான் ஏறுகிறது. பாரம் 16, பிடி 8. சிறிய பொம்மையில் கச்சிதமாக நின்ற அதே மூட்டு, பெரியதில் மெல்லச் சரிந்து கையைத் தொங்கவிடுகிறது.

விலை கூடிய சில பெரிய ஃபிகர்களில் இதற்காகத்தான் பல் வைத்த மூட்டுகளைப் போடுகிறார்கள், அசைத்தால் 'டக் டக்' என்று கேட்கும். மலிவுப் பொம்மைக்கு அந்தச் செலவு கட்டாது. அதனால் கழுத்து, இரண்டு தோள், இரண்டு தொடை என ஐந்தே மூட்டு. முழங்காலும் முழங்கையும் மடங்காது. உடலும் உள்ளே வெறும் கூடு. கூடாக இருப்பதைக் கஞ்சத்தனம் என்று மட்டும் சொல்ல முடியாது. உருகிய பிளாஸ்டிக் அச்சுக்குள் ஆறும் நேரம், தடிமனின் வர்க்கத்தைப் பொறுத்தது. சுவர் 2 மி.மீ.யிலிருந்து 4 ஆனால் ஆற 4 மடங்கு நேரம். தடித்த இடம் கடைசியாகச் சுருங்கும்போது மேற்பரப்பும் உள்ளே குழிந்துவிடும். நல்ல தயாரிப்பிலும் பெரிய உறுப்பு கூடுதான். ஆனால் இரண்டு பாதிகளும் தடவினால் தெரியாதபடி ஒட்டியிருக்கும். மட்டமானதில் ஒட்டுவரி நகத்தில் தட்டும்.

கென்னர் நிறுவனம் 1978-இல் ஸ்டார் வார்ஸ் பொம்மைகளை மூன்றே முக்கால் அங்குலத்தில் கொண்டுவந்தது. விண்கலத்துக்குள் உட்கார வைக்க வேண்டும், அந்தக் கலமும் வாங்கும் விலையில் இருக்க வேண்டும் என்பது காரணம். 1964-இல் ஜி.ஐ. ஜோ ஒரு அடி உயரத்தில் வந்தது. அந்த அளவுக்கு விண்கலம் செய்தால் வரவேற்பறை போதாது. காசு குறைவாக இருந்தால் சிறியதை வாங்குங்கள் என்பதே என் கட்சி.

வண்ணத்தில் அதிகம் யோசிக்க வேண்டாம். ஒவ்வொரு நிறமும் தனி வேலை, தனிச் செலவு. மலிவில் பிளாஸ்டிக்கின் நிறமே உடுப்பின் நிறம். கண் இரண்டும் ஒரே பக்கம் பார்க்கிறதா என்று மட்டும் கடையிலேயே பார்த்துவிடுங்கள்.

நம் ஊர் வெயிலில் முக்கியமானது பிளாஸ்டிக் வகை. ஏபிஎஸ் விறைப்பானது, வெயில் சூட்டில் எளிதில் வளையாது. பிவிசி மிருதுவாக இருப்பதற்கு அதில் கலந்த எண்ணெய் போன்ற பொருளே காரணம். கணுக்கால் மெல்லிய பிவிசி என்றால், வெயிலில் நிறுத்திய காடிக்குள் ஒரு மதியம் போதும், பொம்மை சாய்ந்துவிடும். சுடுநீரில் ஒரு நிமிடம் முக்கி, நேராக்கி, உடனே ஐஸ் தண்ணீரில் பிடித்தால் பெரும்பாலும் நிமிரும். இறுகிப்போன மூட்டுக்கும் முதலில் சுடுநீர்தான். முரட்டுத்தனமாகத் திருகினால் ஆணி முறிந்துவிடும், கண்ணாடி போன்ற பிளாஸ்டிக்கில் இன்னும் சீக்கிரம்.

அந்த எண்ணெய்ப் பொருள் காலப்போக்கில் மேலே கசிந்து, தொட்டால் பிசுபிசுக்கும். மூடிய பிளாஸ்டிக் பையும் புழுக்கமும் அதை மோசமாக்கும். பாத்திரம் கழுவும் சோப்பு கலந்த வெதுவெதுப்பான நீரில் கழுவி, நன்றாக உலரவிட்டு, காற்றோட்டமான இடத்தில் வைத்தால் போதும். அப்புறம் அலமாரிக் கண்ணாடியையும் இடையிடையே திறந்துவிடுங்கள்.