வளையத் தெரிந்த கதவு

"கார் வந்து மோதினாலும் தாங்கும் என்று சில கராஜ் கதவுகளுக்கு விளம்பரம் செய்கிறார்களே, நிஜமா? இரும்பை இரண்டு மடங்கு தடிமனாகப் போட்டுவிடுவார்களோ?" என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார்.

நிஜம்தான். ஆனால் சூட்சுமம் தடிமனில் இல்லை. கனமானதெல்லாம் பலமானது என்பது ஒரு மூடநம்பிக்கை. நன்றாகப் படித்தவர்களிடமும் அது உண்டு.

முதலில் கணக்கு. ஒன்றரை டன் கார் 50 கி.மீ. வேகத்தில் வந்தால் அதன் இயக்க ஆற்றல் சுமார் 145 கிலோஜூல். வேகம் இரட்டித்தால் இது நான்கு மடங்காகும். இவ்வளவையும் எங்காவது கரைத்தாக வேண்டும். காரும் நசுங்காமல், கதவும் வளையாமல் 5 செ.மீ.க்குள் நிறுத்தப் பார்த்தால் ஏறக்குறைய 300 டன் எடைக்குச் சமமான விசை கதவின் தலையில் விழும். ஒரு மீட்டர் விட்டுக்கொடுத்தால் அது 15 டன்னாகக் குறைந்துவிடும்.

சரி, சாதாரண ரோலிங் ஷட்டர் எப்படித் தோற்கிறது? பெரும்பாலும் அதன் குறுக்கு இரும்புப் பட்டைகள் அறுந்து அல்ல. நடுவில் அடி விழுந்ததும் பட்டை உள்ளே வளைகிறது. வளைந்தால் அதன் இரண்டு முனைகளும் நடுவை நோக்கி இழுபடும். பட்டை முனைகள் ஏறி இறங்கும் பள்ளமான சட்டம்தான் பக்கவாட்டுச் சேனல்; முனை அதிலிருந்து நழுவியதும் கதை முடிந்தது. மொத்த ஷட்டரும் திரைச்சீலை மாதிரி உள்ளே போய்விழும்.

இதற்கு வைத்தியம் ஒரு சின்னக் கொக்கி. பட்டையின் முனையில் கொக்கி, சேனலின் உள்ளே மடித்துவிட்ட விளிம்பு. முனை நழுவப் பார்க்கும்போது கொக்கி விளிம்பில் போய் மாட்டிக்கொள்ளும். புயல் காற்றைத் தாங்கும் ஷட்டர்களிலும் இதே ஏற்பாடுதான். எனக்கு மிகவும் பிடித்த கட்டம் இதற்கு அப்புறம் வருவது. கொக்கி மாட்டிய நொடியில் பட்டை உத்திரமாக இருப்பதை விட்டுவிட்டுக் கயிறாக மாறுகிறது! உத்திரம் வளையும்போது அதன் மேல்பக்கமும் கீழ்ப்பக்கமும்தான் முழுச் சுமையை வாங்கும், நடுப்பகுதி ஏறக்குறைய சும்மா இருக்கும். கயிறாக இழுபடும்போது உலோகத்தின் ஒவ்வொரு துளியும் வேலை செய்கிறது.

துணி காயப்போடும் கொடியை விறைப்பாகக் கட்டி, ஈரப் போர்வையைப் போட்டுப் பாருங்கள், ஆணி பிடுங்கிக்கொண்டு வரும். கொஞ்சம் தொய்வாகக் கட்டினால் அதே ஆணி தாங்கும். கதவிலும் அப்படித்தான். 2.4 மீட்டர் அகலக் கதவு நடுவில் 30 செ.மீ. உள்வாங்கினால் ஒவ்வொரு முனையிலும் இழுவிசை, மோதும் விசையைப் போல இரண்டு மடங்கு. 60 செ.மீ. உள்வாங்கினால் ஏறக்குறைய 1.1 மடங்குதான். ஆனால் அவ்வளவு உள்வாங்க, பட்டை சுமார் 12 சதவீதம் நீள வேண்டும். மைல்ட் ஸ்டீல் என்ற மென்மையான சாதாரண எஃகு அறுவதற்கு முன் 20 சதவீதத்துக்கு மேலும் நீளும். மிகக் கடினமான எஃகு வகைகள் பல அதற்கு வெகு முன்பே பட்டென்று அறுந்துவிடும். அதனால்தான் இங்கே 'மென்மையான' எஃகுக்கு மவுசு.

அந்த இழுவிசை கடைசியில் போய்ச் சேருவது சுவரில். வெறும் செங்கல் சுவரில் ஆங்கர் போல்ட் அடித்து வைத்திருந்தால், கதவு தப்பிக்கும், சுவர் கதவோடு வந்துவிடும். ஆகவே தரையில் கான்கிரீட் இட்டு நட்ட எஃகுத் தூண்கள்தான் பாதி வேலையைச் செய்கின்றன.

இதையெல்லாம் முதலில் கணினியில் மோதவிட்டுப் பார்க்கிறார்கள். இந்த வகை மென்பொருள்களின் முன்னோடி 'டைனா3டி'. அமெரிக்காவின் லாரன்ஸ் லிவர்மோர் ஆய்வகத்தில், 1970களில், அணுகுண்டு ஆய்வுக்காக ஜான் ஹால்குவிஸ்ட் எழுதியது. வேண்டாத வேலைக்குக் கொட்டிய அரசுப் பணம்தான், ஆனால் அதன் மூல நிரலை வெளியே கொடுத்ததால் கார் பாதுகாப்பே மாறிப்போனது. கதவுத் தயாரிப்பாளர்களோ தோற்றுப்போன சோதனைகளின் முடிவுகளைப் பெரும்பாலும் பூட்டியே வைக்கிறார்கள். அதில் எனக்கு வருத்தம்தான்.

நிஜச் சோதனையில் ஆளில்லா வண்டியைக் கம்பிவடத்தால் இழுத்து, மோதுவதற்குச் சற்று முன் விடுவிக்கிறார்கள். வாகனத்தை மோதவிட்டுத் தாக்குவதைத் தடுக்கும் தடுப்புகளுக்கான அமெரிக்காவின் ஏஎஸ்டிஎம் எஃப்2656 தரத்தின் ஒரு பிரிவில் 6,800 கிலோ லாரி 80 கி.மீ. வேகத்தில் வரும், நம் காரைப் போல ஏறத்தாழ 12 மடங்கு ஆற்றல். லாரியின் மூக்கு எதுவரை போனது என்று யாரும் பார்ப்பதில்லை. சரக்குத் தொட்டியின் முன்விளிம்பு எதுவரை போனது என்றுதான் அளப்பார்கள், வெடிபொருள் இருந்தால் அங்கேதான் இருக்கும் என்பதால். அது ஒரு மீட்டருக்குள் நின்றால் உயர்ந்த மதிப்பீடு. தேறிய கதவைப் பிறகு பெரும்பாலும் திறக்க முடியாது. வெட்டித்தான் எடுப்பார்கள்.