யானை வெடியும் பயந்த சுபாவமும்

காலபோக நெல் முற்றும் தை மாதத்தில் வன்னி வயல்களில் யானைகளை விரட்டக் கொளுத்தும் யானை வெடி இரவிரவாகக் கேட்கும். அப்படியொரு இரவில் காவல் கொட்டிலில் நாலைந்து பேர் பிளேன்ரீ குடித்துக்கொண்டிருந்தோம். பக்கத்து வயலில் யாரோ வெடி கொளுத்த, எங்களில் மூத்தவர் கோப்பையோடு குப்புறப் படுத்துவிட்டார்.

"அண்ணை, யானை வெடிதானே!" என்று ஒரு பொடியன் சிரித்தான்.

"எனக்குத் தெரியும். உடம்புக்குத்தான் தெரியேல்லை" என்றார் அவர், மண்ணைத் தட்டிக்கொண்டே.

பிறகு ஒருவர் மெதுவாக, "ஆள் கொஞ்சம் பயந்த சுபாவம்" என்றார். அந்தச் சொல்தான் எனக்கு உறுத்தியது.

திடுக்கிடல் வேறு, சுபாவம் வேறு. பெரிய சத்தம் கேட்டால் ஒரு விநாடியின் இருபதில் ஒரு பங்கு நேரத்துக்குள்ளேயே கண்ணிமை மூடத் தொடங்கிவிடும். மூளைத்தண்டின் வேலை அது. சிரித்த பொடியனுக்கும் நடந்திருக்கும். அதன் அளவைக் கூட்டுவது அமிக்டலா, மூளைக்குள் பக்கத்துக்கு ஒன்றாக இருக்கும் வாதாம்பருப்பு போன்ற பகுதி. எந்தச் சத்தம் ஆபத்து என்ற கணக்கு அதனிடம் உண்டு. போர் முடிந்த 2009 மே வரை ஷெல்லடிக்குள் வாழ்ந்தவரின் கணக்கில் 'வெடித்தால் படு' என்றுதான் பதிந்திருக்கும். சத்தம் அமிக்டலாவுக்குப் போக ஒரு குறுக்கு ஒழுங்கை இருக்கிறது. 'இது யானைக்கு விட்டது' என்று பிரித்தறியும் மூளைப் புறணி பெரிய ரோட்டால் சுற்றி வருவதற்குள் ஆள் நிலத்தில்.

இத்தனை வருடத்தில் அது மறந்திருக்க வேண்டாமா? ரஷ்ய விஞ்ஞானி இவான் பாவ்லோவ், சாப்பாட்டோடு சேர்த்து ஒலியெழுப்பிப் பழக்கிய நாய்களுக்கு வெறும் ஒலியே எச்சிலை ஊறவைத்தது. சாப்பாடு இல்லாமல் ஒலியை மட்டும் திரும்பத் திரும்பக் கொடுத்தபோது எச்சில் நின்றது. சரி, மறந்தாயிற்று என்று பார்த்தால், கொஞ்சம் இடைவெளி விட்டு ஒலித்தபோது மறுபடி ஊறியது. பழைய பாடம் அழியவில்லை, அதன்மேல் புதுப் பாடம் எழுதப்பட்டிருந்தது, அவ்வளவுதான். அந்தப் புதுப் பாடம் கற்ற இடத்தோடு ஒட்டிக்கொள்ளும் குணமுடையது. பகலில், டவுனில் டயர் வெடித்தால் திரும்பியும் பார்க்காதவர் இருட்டில், வெளியில் விழுந்து படுக்கலாம்.

பழக்கம் என்பது இவை இரண்டிலும் சேராத வேறொன்று. ஏ9 வீதியில் முறிகண்டிப் பிள்ளையார் கோயில் வந்ததும் டிரைவரின் கால் தானாகவே பிரேக்கை மிதிக்கும். இடம் சைகை, கும்பிடு செயல், அங்கே வாங்கும் கச்சான் (நிலக்கடலை) பரிசு. வெடிக்குப் பயந்து திருவிழாவுக்குப் போகாமல் விடுவதும் இதே வழியில்தான் பழக்கமாகிறது. அங்கே பரிசு, வீட்டில் கிடைக்கும் நிம்மதி. புதுப் பாடம் எழுத மட்டும் வாய்ப்பே வராது.

சுபாவம், அதாவது ஆளுமை, பல வருடங்களாகப் பல சூழல்களில் ஒருவரிடம் மாறாமல் தெரிவது. 1921இல் சுவிஸ் மனநல மருத்துவர் கார்ல் யுங் மனிதர்களை அகமுகம் (தனக்குள் ஒதுங்குவது), புறமுகம் (வெளியுலகோடு கலப்பது) என்று வகைபிரித்தார். இன்றைய உளவியலாளர்கள் அதை ஓர் அளவுகோலாகவே பார்க்கிறார்கள், பெரும்பாலானோர் நடுவில்தான். பத்துக் கேள்வியில் ஆளின் வகை சொல்லும் சோதனைகளை நான் சாத்திரக்காரரோடு சேர்த்துத்தான் வைப்பேன்.

எங்கள் அண்ணை தேனெடுக்கக் காட்டுக்குள் தனியே போய்வருகிறவர். அன்று அடுத்த வெடியை அவரே கொளுத்தினார். அசையவில்லை. தானே எழுப்பும் சத்தத்துக்குத் திடுக்கிடல் குறைவு, எப்போது வெடிக்கும் என்று மூளைக்கு முன்பே தெரியும்.